கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும்: கம்பெனி பார்ட்தான் போடணுமா? (கோத்தகிரி, பி.எஸ் 4 பெட்ரோல்)

கோத்தகிரி_43 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், டி.என் 43 பதிவு, ஆர்.சி.யில் புகைத் தரம் பாரத் ஸ்டேஜ் 4 (பி.எஸ் 4). ஓடியது 96,000 கி.மீ. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டால் பி0420 என்ற எரர் கோடு ஒன்றுதான் வருகிறது. ஊட்டியில் பி.யு.சி. (புகைச் சோதனைச் சான்று) எடுக்கப் போனால் ஃபெயில். கொடுத்த ரிஜெக்‌ஷன் சீட்டில் இருப்பது இதுதான்:

ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்): சி.ஓ (கார்பன் மோனாக்சைடு) 0.42 சதவீதம், எச்.சி (எரியாத ஹைட்ரோகார்பன்) 240 பி.பி.எம்.
ஹை ஐடில்: சி.ஓ 0.34 சதவீதம், லாம்டா (காற்று, பெட்ரோல் கலவை அளவு; சரியாக இருந்தால் 1) 1.06.

புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். என்ன போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஒன்று. கம்பெனி சர்வீஸில் 46,000 ரூபாய். கோவையில் ஒரு கடையில் கம்பெனி பெயர் இல்லாத புது பீஸ் 9,500. அதே மாடல் பழைய வண்டியில் கழற்றியது 6,000. உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில், "உள்ளே இருப்பதை உடைத்துவிட்டு சென்சாரைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர் போட்டுத் தருகிறேன், 2,500 போதும்" என்கிறார்கள்.

இதில் சட்டப்படி எது சரி, எது தப்பு? வெளி பார்ட் போட்டால் ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா? மலையில் ஓட்டுவதால் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

---

வால்வு_டைமிங் எழுதியது:

பணத்தை எடுக்கும் முன் அந்தச் சீட்டை ஒழுங்காகப் படியுங்கள். அதில் ஒரு கோளாறு இல்லை, இரண்டு இருக்கிறது.

பி.எஸ் 4 பெட்ரோல் காருக்கு வரம்பு: ஐடிலில் சி.ஓ 0.3, எச்.சி 200. ஹை ஐடிலில், அதாவது 2,500 ஆர்.பி.எம். பக்கத்தில், சி.ஓ 0.2, லாம்டா 0.97 முதல் 1.03 வரை. உங்கள் வண்டியில் சி.ஓ அதிகம், லாம்டாவும் அதிகம். இவை இரண்டும் சேர்ந்து வருவது இயல்பில்லை. எஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தால் சி.ஓ ஏறும், லாம்டா 1-க்குக் கீழே இறங்கும். பெட்ரோல் குறைவாகப் போனால் லாம்டா ஏறும், சி.ஓ இறங்கும். இரண்டும் ஏறியிருக்கிறது என்றால் கன்வெர்ட்டர் சி.ஓ.வை எரிக்கவில்லை, அதோடு சென்சார்களைத் தாண்டி எங்கோ ஓர் இடத்தில் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. காற்று கலந்த பிறகே 0.34 என்றால் உண்மையான சி.ஓ இன்னும் மேலே.

ஆகவே முதலில் ஓட்டையைத் தேடுங்கள். புது கன்வெர்ட்டரை மாட்டிவிட்டு சைலன்சர் ஓட்டையை அப்படியே விட்டால் மறுபடியும் லாம்டாவில்தான் ஃபெயில் ஆகும், 46,000 செலவு பண்ணிய பிறகு. மலையில் இது சாதாரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். கோத்தகிரி பஜாருக்கும் வீட்டுக்குமாக இரண்டு மூன்று கி.மீ. ஓட்டி நிறுத்துகிற வண்டியில் சைலன்சர் சூடாவதே இல்லை, அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி மடிப்புத் தையலைத் தின்றுவிடும். மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும், அடிப்பக்கத் தையலில் விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும்.

பார்க்கிற விதம்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் டெயில் பைப் வாயைத் தடித்த துணியால் சில நொடி அடைக்கட்டும். இன்னொருவர் முன்னிருந்து பின்வரை காது கொடுத்துக் கேட்டால் 'உஸ்' என்ற சத்தம் எங்கிருந்து என்று தெரியும். ஃப்ளெக்ஸ் பைப்பின் வலை, டவுன் பைப் கேஸ்கட், நடு சைலன்சரின் வெல்டிங், பின் சைலன்சர் தையல், இந்த நாலும்தான் வழக்கமான இடங்கள். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி விடும். பின் சைலன்சரின் அடியில் கம்பெனியே வைத்த சின்ன வடிகால் துளை ஒன்று இருக்கும். அதைப் போய் வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள், அது தண்ணீர் இறங்கத்தான்.

அடுத்தது, சோதனைக்கு வண்டி எப்படிப் போனது என்பது. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போனால் தொட்டபெட்டா ஜங்ஷன் தாண்டியதும் இறக்கம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்குவோம். அப்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், கன்வெர்ட்டர் வழியாகப் போவது வெறும் குளிர்ந்த காற்று. பிறகு வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் நிற்போம். கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கவே 250 முதல் 300 டிகிரி வேண்டும். ஆரோக்கியமான கன்வெர்ட்டர்கூட இப்படிப் போனால் எல்லைக் கோட்டில் தடுமாறும். மறு சோதனைக்குப் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவில் இருக்கட்டும், எஞ்சினை அணைக்காதீர்கள், குழாயைச் சொருகும் முன் 2,500 ஆர்.பி.எம்.மில் மூன்று நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். இது ஏமாற்று வேலை இல்லை. எஞ்சின் வேலைச் சூட்டில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

இப்போது பி0420. இந்த எரர் கோடு கன்வெர்ட்டர் செத்தது என்று நேரடியாகச் சொல்வதில்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஓ2 (ஆக்சிஜன்) சென்சார், அதற்கு முன்னால் உள்ள சென்சார் போலவே ஆடுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. ஸ்கேனரில் லைவ் டேட்டா வைத்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி 2,500-ல் நிற்கும்போது பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அசையாமல் இருந்தால் கன்வெர்ட்டர் உயிரோடுதான் இருக்கிறது. முன் சென்சார் மாதிரியே 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஏறி இறங்கினால் போய்விட்டது. அதற்கு முன் ஃபியூயல் ட்ரிம், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பாருங்கள். ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது ஒழுங்காக இல்லாமல் பி0420-ஐ நம்பக் கூடாது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்து கன்வெர்ட்டரின் முன்பக்கச் சூட்டையும் பின்பக்கச் சூட்டையும் ஒப்பிடும் சோதனையை நான் நம்புவதில்லை. நன்றாக ஓடும் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் எரிக்க மிச்சமே கொஞ்சம்தான். அதனால் வித்தியாசமும் கொஞ்சம்தான் காட்டும்.

கடைசியாக, ஏன் செத்தது? 96,000 கி.மீ. ஒரு கன்வெர்ட்டருக்கு மூப்பு இல்லை. இக்னிஷன் காயில் விட்டு விட்டு வேலை செய்தால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், சூடு 1,000 டிகிரியைத் தாண்டும், உலோகப் பூச்சு ஒன்றோடொன்று திரண்டு வீணாகும். அதிகமானால் செராமிக்கே உருகும். ஆயில் குடிக்கும் எஞ்சினில் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சை மூடிவிடும். ஹெட் கேஸ்கட்டில் கூலன்ட் கசிந்தாலும் அதே கதி. நம் பக்கம் இன்னொன்று உண்டு: டிசம்பர், ஜனவரிக் குளிரில் பேட்டரி இறங்கிப் போய் காலையில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது. எஞ்சின் பிடிக்காமல் திணறும் ஒவ்வொரு முறையும் பச்சைப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போகிறது. ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போடுங்கள்.

---

விதி_115 எழுதியது:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். நாலு வழியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நம் நாட்டில் ஒரு கார் மாடல் விற்பனைக்கு வரும் முன் மத்திய மோட்டார் வாகன விதி 126-ன் கீழ் ஒப்புதல் பெற வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், நம்ம ஒரகடத்தில் உள்ள மையம் போன்ற சோதனை நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. ஒப்புதலுக்குக் கொடுக்கும் விவரத்தில் கன்வெர்ட்டரும் அடக்கம். ஆக உங்கள் வண்டி பி.எஸ் 4 என்று ஆர்.சி.யில் அச்சாகியிருப்பது அந்தக் கன்வெர்ட்டரோடு சேர்ந்த வண்டிக்குத்தான். அதே பார்ட் நம்பருள்ள பீஸைப் போடுவது பழுது நீக்குவது. கம்பெனி சர்வீஸில்தான் மாட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, பார்ட்டை வாங்கி வெளியே மாட்டிக்கொள்ளலாம். வாரன்டி காலம் முடியாத வண்டி என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்.

கன்வெர்ட்டரைக் காலி செய்வது பழுது நீக்கும் கணக்கில் வராது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை அழுத்தமாகவே சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182-ஏ சேர்ந்தது. அதன் நாலாவது உட்பிரிவுப்படி, அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஸ்பேசர் போட்டுக் கொடுத்த மெக்கானிக் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார், பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான்.

புகை வரம்பை மீறி ஓட்டினால் அது தனிக் கணக்கு. பிரிவு 190(2): முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

பி.யு.சி. இன்ஷூரன்ஸுக்கு மட்டும்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் பி.யு.சி. இல்லாமல் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று சொன்னதும், 2024 ஜூலையில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸுக்கு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டதும் உண்மை. ஆனால் விதி 115 அப்படியேதான் இருக்கிறது. பதிவாகி ஒரு வருடம் ஆன எந்த வண்டிக்கும் பி.யு.சி. வேண்டும். பி.எஸ் 4-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஒரு தடவை எடுத்தால் 12 மாதம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம்.

உங்கள் கையில் இருக்கும் ரிஜெக்‌ஷன் சீட்டு 2021-ல் நாடு முழுக்க ஒரே படிவம் கொண்டுவந்தபோது வந்த ஏற்பாடு. அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் காட்டி வேலை செய்யச் சொல்லலாம். அந்தச் சோதனை மையத்துக் கருவி மேல் சந்தேகம் இருந்தால் இன்னொரு மையத்தில் எடுத்தும் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். பழைய டி.என் 43 வண்டி வைத்திருப்பவர்கள் ஆண்டை வைத்து வரம்பைத் தீர்மானிக்க வேண்டாம். பி.எஸ் 4 நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-ல். அதற்கு முன் பெருநகரங்களில் ஒன்று, மற்ற ஊர்களில் ஒன்று. 2014-ல் மலையில் பதிவான கார் பி.எஸ் 3-ஆகவும் இருக்கலாம். அதற்கு ஐடில் வரம்பு சி.ஓ 0.5, எச்.சி 750. ஆர்.சி.யில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கம்ப்யூட்டரில் தப்பாக ஏற்றி, பி.எஸ் 3 வண்டியை பி.எஸ் 4 வரம்பில் ஃபெயில் போடுவதும் நடக்கிறது.

---

ஷார்ட்கட்_சுந்தரம் எழுதியது:

எதுக்கு தம்பி இவ்வளவு யோசனை? உடைச்சுப் போட்டா பிக்கப்பும் ஏறும், மலை ஏத்தத்துல வண்டி பறக்கும். எந்த இன்ஸ்பெக்டர் அடியில படுத்து கன்வெர்ட்டருக்குள்ள எட்டிப் பாக்குறாரு? 46,000-க்கு ரெண்டு வருஷம் பெட்ரோல் போடலாம்.

---

வால்வு_டைமிங் எழுதியது:

சுந்தரம் அண்ணே, யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம், டெயில் பைப்பில் சொருகும் குழாயே சொல்லிவிடும். நல்ல நிலையில் உள்ள இன்ஜெக்‌ஷன் எஞ்சினிலிருந்தே கன்வெர்ட்டருக்கு முன்னால் சி.ஓ அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை வரும். ஹை ஐடிலில் 0.2-க்கு அதைக் கொண்டுவருவது கன்வெர்ட்டர் மட்டும்தான். கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு 3 சதவீதம் வரை விட்டார்கள், அப்போது இந்தப் பேச்சு செல்லுபடியானது.

ஸ்பேசர் ஏமாற்றுவது எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வை மட்டும். பின் சென்சாரைப் புகைப் பாதையிலிருந்து ஒரு அங்குலம் வெளியே தள்ளி வைத்தால் அதன் ஆட்டம் மட்டுப்படும், விளக்கு அணையும். வெளியே போகும் புகையில் ஒரு மாற்றமும் இல்லை. அதைவிட மோசம் என்னவென்றால், சில கார்களில் பின் சென்சாரை வைத்து இ.சி.யு. பெட்ரோல் அளவையும் நுணுக்கமாகத் திருத்துகிறது. அது பொய் சொன்னால் திருத்தமும் பொய்.

பிக்கப் ஏறுவது அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டரை எடுத்தால்தான். அடைத்திருக்கிறதா என்று தெரிய முன் ஓ2 சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2,500 ஆர்.பி.எம்.மில் ஒன்றேகால், ஒன்றரை பி.எஸ்.ஐ. தாண்டினால் அடைப்பு. அதற்குள் இருந்தால் உடைத்து எடுத்தும் ஏற்றத்தில் ஒரு பயனும் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர், கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருக்கும். இழுவை குறைவது அதனால். டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அங்கே அப்படித்தான்.

---

கோத்தகிரி_43 எழுதியது:

விளக்கத்துக்கு ரொம்ப நன்றி. துணி வைத்து அடைத்துப் பார்த்ததில் பின் சைலன்சர் தையலில் நீளமாக ஒரு கீறல். அதை மாற்றச் சொல்லிவிட்டேன். பின் சென்சாரும் முன் சென்சார் போலவே ஆடுகிறது, ஆகவே கன்வெர்ட்டர் மாற்றுவது உறுதி. மூன்றாவது சிலிண்டர் காயிலும் சந்தேகம், அதையும் மாற்றுகிறேன்.

ஆன்லைனில் தேடினால் ஒரு பீஸில் 'கார்ப் ஒப்புதல், இ.ஓ. எண்' என்று போட்டு 14,000 ரூபாய். இன்னொன்றில் வட்டத்துக்குள் ஈ எழுத்து. இந்த முத்திரைகளுக்கு இங்கே மதிப்பு உண்டா?

---

விதி_115 எழுதியது:

இரண்டும் உண்மையான முறைகள்தான். ஆனால் எதற்கான ஒப்புதல் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் முகமை 1986-ல் வெளி கன்வெர்ட்டர்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. எச்.சி 70, சி.ஓ 70, நைட்ரஜன் ஆக்ஸைடு 30 சதவீதம் குறைக்க வேண்டும். அந்தத் திறன் 25,000 மைல், நம் கணக்கில் 40,000 கி.மீ. நிலைக்க வேண்டும், வெளிக்கூடு ஐந்து வருடம் அல்லது 50,000 மைல் தாங்க வேண்டும். நினைத்தபோது மாற்றவும் முடியாது, பழையது கெட்டுப்போனது என்பதற்குச் சான்று வேண்டும். கழற்றியதை ஒர்க்‌ஷாப் 15 நாள் வைத்திருக்க வேண்டும், காகிதத்தை ஆறு மாதம்.

கலிஃபோர்னியாவுக்கு அது போதவில்லை. அங்கே காற்று வள வாரியம், அதைத்தான் 'கார்ப்' என்கிறார்கள், 2009 முதல் வெளி கன்வெர்ட்டர் வண்டியின் சுய சோதனை அமைப்பான ஓ.பி.டி.யோடு ஒத்துப்போக வேண்டும், 50,000 மைல் வாரன்டி வேண்டும் என்று இறுக்கியது. பழைய கன்வெர்ட்டரை விற்கவே அங்கே தடை. ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு நிர்வாக ஆணை எண் தருகிறார்கள், அதுதான் இ.ஓ. எண். அந்த ஆணையோடு எந்த ஆண்டு, எந்த மாடல், எந்த எஞ்சின் என்று பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள வண்டிக்கு மட்டும்தான் செல்லும். அமெரிக்காவில் விற்காத நம் ஊர் ஹேட்ச்பேக் அதில் எப்படி இருக்கும்? ஆகவே உங்கள் வண்டிக்கு இ.ஓ. எண் போட்டு விற்பவர் இன்னொரு பீஸின் எண்ணை எடுத்து ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அதைத் தொடவே வேண்டாம்.

ஈ முத்திரை ஐ.நா. ஒழுங்குமுறை 103-ஐச் சேர்ந்தது, மாற்றுக் கன்வெர்ட்டருக்கென்றே உள்ளது. வட்டத்துக்குள் ஈ, பக்கத்தில் ஒப்புதல் கொடுத்த நாட்டின் எண், ஜெர்மனி என்றால் 1. அருகில் 103ஆர் என்று தொடங்கும் எண். இதிலும் வண்டிப் பட்டியல் உண்டு. உங்கள் மாடல் அதே எஞ்சினோடு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானதாக இருந்தால் இந்த பீஸ் தரத்தில் நம்பத் தகுந்தது. 103ஆர் இல்லாமல் வெறும் ஈ மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தமில்லை. எப்படியானாலும் இது நம் விதி 126-க்கு மாற்று ஆகாது. இங்கே சிக்கலில்லாத வழி வண்டியின் பார்ட் நம்பர்தான்.

---

ஸ்பேனர்_22 எழுதியது:

வாங்கும்போதும் மாட்டும்போதும் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

46,000 என்பது பெரும்பாலும் மேனிஃபோல்டோடு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு) சேர்ந்த முழு அசெம்பிளி விலை. இப்போதைய சின்னக் கார்களில் கன்வெர்ட்டர் எஞ்சினை ஒட்டி மேனிஃபோல்டிலேயே இருக்கிறது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, கம்பெனி ஸ்பேர் டீலரிடம் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் மட்டும் கேளுங்கள். லேபர், கேஸ்கட், 'இதர செலவு' எல்லாம் கழிந்து தொகை இறங்கும்.

9,500 பீஸ்: டார்ச் அடித்துப் பாருங்கள். தேனடை மாதிரி அறைகள் நெருக்கமாக, நேராக இருக்க வேண்டும், ஒரு சதுர அங்குலத்துக்கு 400-க்குக் குறையாமல். அறைகள் பெரிது பெரிதாகத் தெரிந்தாலே தரம் புரிந்துவிடும். ஆனால் உள்ளே எவ்வளவு பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மலிவு பீஸ்களில் மிச்சம் பிடிப்பதே அங்கேதான். மாட்டிய புதிதில் பி.யு.சி. பாஸ் ஆகும், சில மாதத்தில் பி0420 திரும்ப வரும். பார்ட் நம்பரும் பில்லும் ஜி.எஸ்.டி.யோடு தராத கடையில் வாங்காதீர்கள். யுனிவர்சல் என்று சொல்லி வெல்டிங் வைக்கும் பீஸும் வேண்டாம். எஞ்சினிலிருந்து தள்ளிப் போனால் குளிர்ந்த காலையில் சூடேற நேரமாகும், சென்சார் இடமும் மாறும்.

6,000 பழைய பீஸ்: அது ஏன் கழற்றப்பட்டது என்று யாரும் சொல்லப்போவதில்லை. விபத்து வண்டியிலிருந்து வந்ததென்றால் பரவாயில்லை. ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே கடகடவென்றால் செராமிக் உடைந்திருக்கிறது. முன்பக்கம் வெள்ளைப் படலம் என்றால் ஆயில் சாம்பல் அல்லது கூலன்ட். பி.எஸ் 3 மாடல் பீஸில் பின் சென்சாருக்கு இடமே இல்லாமல் போகலாம், பி.எஸ் 6 பீஸ் வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே வேறு.

கழற்றும் வேலை: முந்தைய நாள் சாயங்காலமே நட்டுகளுக்கு ரஸ்ட் ரிமூவர் அடித்து ஊறவிடுங்கள். மலை ஈரத்தில் ஹீட் ஷீல்டின் 10 எம்.எம். போல்ட்டுகள் தலை முறிவது சகஜம். ஓ2 சென்சாருக்கு வயர் நுழையப் பிளவு வைத்த 22 எம்.எம். சாக்கெட் வேண்டும், ரிங் ஸ்பேனரில் முயன்றால் முனை மழுங்கும். ஃப்ளெக்ஸ் பைப்பைத் தொங்கவிடாமல் கீழே கட்டை கொடுங்கள், ஒரு தடவை மடங்கினால் வலை கிழியும்.

மாட்டும்போது கேஸ்கட், நட்டு எல்லாம் புதிது. மேனிஃபோல்ட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். சென்சார் மரையில் மட்டும், அது இறுகிப்போகாமல் இருக்க, ஆன்டி சீஸ் பேஸ்ட் துளி, முனையில் படக் கூடாது. 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் போதும். கசிவை நிறுத்த சிலிக்கான் பேஸ்ட் தடவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சென்சாருக்கு அது விஷம், கையைப் பிடித்துத் தடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் ஐந்து நிமிடம் ஐடில், பிறகு சில நிமிடம் 2,500. கருகிய வாடையும் லேசான புகையும் வரும், உள்ளே செராமிக்கைப் பிடித்திருக்கும் மேட் சூட்டில் விரிவதுதான். ஆறவிட்டு நட்டுகளை மறுபடி பாருங்கள்.

ஸ்கேனரில் பி0420-ஐ அழித்ததும் வேலை முடியாது. கன்வெர்ட்டரை இ.சி.யு. தானே சோதிக்கும் கேட்டலிஸ்ட் மானிட்டர் 'ரெடி' ஆக ஒரே வேகத்தில் 60, 70-ல் சில நிமிடம் ஓட வேண்டும். கோத்தகிரி, குன்னூர் வளைவுகளில் அது நடக்காது. மேட்டுப்பாளையம் இறங்கி காரமடை தாண்டி ஒரு ஓட்டம் ஓட்டுங்கள், அங்கே 'ரெடி' ஆகிவிடும். ஐரோப்பிய விதிகளில் 2,500 மீட்டருக்கு மேல் மானிட்டரை நிறுத்திவைக்க அனுமதி இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியில் நின்று ஸ்கேனரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

கழற்றிய பழைய கன்வெர்ட்டரைக் கையோடு வாங்கி வாருங்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்காகப் பழைய இரும்புக் கடையில் ஆயிரக்கணக்கில் விலை போகும். லேபர் பில்லில் அதைக் கழிக்கச் சொல்வதும் ஒரு வழி.

---

மஞ்சள்போர்டு_ஊட்டி எழுதியது:

இதே பேச்சில் டீசல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்ஸி என்றால் முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), பிறகு வருடா வருடம். பி.யு.சி. இல்லாமல் அங்கே நகராது. பி.எஸ் 4 டீசலுக்கு ஃப்ரீ ஆக்சிலரேஷனில் (நிற்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும் சோதனை) புகை அடர்த்தி வரம்பு 50 எச்.எஸ்.யு., அதற்கு முந்தையதற்கு 65.

பி.எஸ் 6 டீசலில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். அடைக்கிறது என்று அதை வெட்டிக் காலி செய்து இ.சி.யு.வை மாற்றி எழுதித் தருகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். மேலே சொன்ன 52, 182-ஏ இதற்கும் பொருந்தும். அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டும் விதம்தான். கரி எரிய 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். ஊட்டிக்குள் சேரிங்கிராஸ், பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ் என்று சுற்றினால் அந்தச் சூடு வராது, இறக்கத்தில் இருந்த சூடும் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாக ஏறும்போதுதான் அந்தக் கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் நன்றாக நடக்கும். நடுவில் டீக்கடையில் நிறுத்தி அணைக்காதீர்கள். டேங்கில் கால் பங்குக்குக் குறைவாக டீசல் இருந்தால் பல வண்டிகளில் அது தொடங்கவே தொடங்காது.

பாதியில் நின்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் உடனே ஆயில் மாற்றுங்கள். டி.பி.எஃப்.புக்கு என்று குறிப்பிட்ட குறைந்த சாம்பல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது நிறைந்தால் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், அல்லது புதுசு.